இந்த வருடம் என் முறை

நாகசாகியின் மேட்டுத் தெரு.
பன்னிரண்டு வீடுகள், நூற்று நாற்பது படிகள்.
பூனைகள் எத்தனை என்பதில்தான் தகராறு.

ஏழு என்கிறார் இசோகாய் அம்மா.
பத்தொன்பது என்கிறார் முனெகாதா.
ஒரே பூனையை மூன்று தடவை எண்ணுகிறார் என்று அந்தம்மாவும்
மூன்று பூனைக்கு ஒரே பேர் வைத்திருக்கிறார் என்று இவரும்
என்னிடம் மட்டும் சொல்வார்கள்.

தெருத் தலைவர் பொறுப்பு
வருடத்துக்கு ஒரு வீடு.
காக்கை கிளறாமல் குப்பைக்கு வலை போர்த்துவது,
சந்தா வாங்குவது,
சுற்றறிக்கைப் பலகையை அடுத்த வீட்டில் கொடுப்பது.
பூனையைப் பற்றி எனக்கு யாரும்
முன்கூட்டிச் சொல்லவில்லை.

முனெகாதா வீட்டு மதிலோரம்
கழுத்துவரை தண்ணீர் நிரப்பிய
இரண்டு லிட்டர் பாட்டில்கள், இருபத்துமூன்று.
மினுக்கத்துக்குப் பூனை மிரளும் என்று
யாரோ சொல்லி வைத்தவை.
பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே
வாலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது
காது நுனி கத்தரித்த மஞ்சள் பூனை,
இருபத்துநாலாவது பாட்டில் மாதிரி.

வெங்காயத்தாளை வேரோடு பிடுங்கி
என் மூக்கருகே நீட்டினார் ஒருநாள்.
முகர்ந்தேன்.
அவர் பக்கம் நியாயம் இருந்தது.

ராத்திரி ஒன்பதரைக்கு
ஐஸ்கிரீம் டப்பா மூடியில் மீன் தீனி வைக்கிறார் இசோகாய் அம்மா.
செருப்புச் சத்தம் கேட்காமலிருக்க
வெறும் காலுறையோடு இறங்குகிறார்.
நான் வைக்காவிட்டால் செத்தா போகும், என்று கேட்டார்.
நான் வாயைத் திறக்குமுன்
செத்துத்தான் போகும், என்றார் அவரே.
அங்கேயும் நியாயம் இருந்தது. என்ன செய்ய.

சுற்றறிக்கை எழுதினேன்.
பெயர் எழுதவில்லை. ‘சிலர்’ என்று எழுதினேன்.
பூனை என்றும் எழுதவில்லை. ‘சில விலங்குகள்.’
நான்கு இடத்தில் தயவுசெய்து.
பன்னிரண்டு முத்திரையும் விழுந்து திரும்பி வந்தது பலகை.
எல்லோரும் படித்திருந்தார்கள்.
‘சிலர்’ மட்டும் எங்கள் தெருவில் குடியிருக்கவில்லை.

ஜனவரி. சாய்வெயில்.
ஒரு பாட்டில் பூதக்கண்ணாடியாகி,
கட்டி வைத்த பழைய செய்தித்தாளின் மேல்
பட்டாணி அளவு வெளிச்சத்தை நிறுத்தி வைத்தது.
புகையை முதலில் பார்த்தது
அந்த வீட்டு வாசலை ஏறிட்டும் பார்க்காத இசோகாய் அம்மா.
வரிசையிலிருந்தே ஒரு பாட்டிலை உருவி
மூடியைத் திருகி
முழுசாகக் கவிழ்த்தார்.
காலிப் பாட்டிலைக் கழுவி
அவர் படியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

நன்றி சொன்னதாகத் தகவல் இல்லை.
மறுநாள் இருபத்திரண்டு பாட்டில்கள்
நிழல் பக்கமாக நகர்ந்திருந்தன.

பிப்ரவரியில் கூண்டில் ஒன்று விழுந்தது,
கறுப்பு, பெட்டை, காது இன்னும் முழுசாக.
கருத்தடைக்கு நகராட்சிச் சீட்டு இருந்தது.
ஆஸ்பத்திரி சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம்.
படிக்கட்டின் அடியில் நிற்கும் ஒரே வேன்
முனெகாதாவுடையது.
பூனைக்கு யார் மணி கட்டுவது என்பதெல்லாம்
ஊரில் சும்மா சொல்வது;
நான் நிஜமாகவே போய் அவர் மணியை அழுத்தினேன்.

பதில் பேசவில்லை.
பின்பக்கம் பழைய போர்வையை விரித்தார்.

இருபத்தைந்து நிமிஷம்.
கூண்டை மடியில் அணைத்தபடி இசோகாய் அம்மா.
சுரங்கத்துக்குள் அது ஒரு குரலெடுத்தது பாருங்கள்,
மூவருமே எதையோ செய்துவிட்ட மாதிரி இருந்தது.
முனெகாதா ஹீட்டரைக் கூட்டினார்.
முன்னிருக்கையில் எனக்கு வியர்த்தது.
ஏற்கெனவே ஜன்னலை இறக்கியிருந்தார் தன் பக்கம்.

படிவத்தில் ஒரு கட்டம்: உரிமையாளர் பெயர்.
இசோகாய் அம்மா என்னைப் பார்த்தார்.
முனெகாதாவும்
அந்த வருடத்திலேயே முதல்முறையாக
அந்தம்மா பார்த்த அதே திசையில் பார்த்தார்.

ஏப்ரலில் பொறுப்பு மேல்வீட்டு தெகுச்சிக்குப் போனது.
பலகை, சந்தாக் கணக்கு, வலை எல்லாம் ஒப்படைத்தேன்.
மதிலோரம் மறுபடி இருபத்துமூன்று.
வெங்காயத்தாள் மறுபடி பிடுங்கிக் கிடந்தது.

பூனைகள் மொத்தம் எத்தனை, என்று கேட்டார் தெகுச்சி
பேனாவைத் திறந்துகொண்டு.

காகிதத்தில் ஒன்று, என்றேன்.
என் பெயரில்.